அரசுப் பள்ளியின் பெருமைப் பலகையில் யார் பெயரை எழுதுவது?

வடசென்னைப் பள்ளிகளையும் அவற்றில் படித்து உயர்ந்தவர்களையும் குறித்து வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

திருவொற்றியூர் வாசகர் ஒருவர்: எங்கள் பகுதியிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளி விரைவில் பொன்விழாக் காண இருக்கிறது. நுழைவாயிலில் புகழ்பெற்ற முன்னாள் மாணவர்களின் பெயர்ப்பலகை வைப்பதென்று எங்கள் சங்கம் தீர்மானித்துள்ளது. திரைப்பட நடிகர் ஒருவர் இங்கே படித்ததாகச் சிலர் சொல்கிறார்கள், ஐ.ஏ.எஸ். அதிகாரிகள், மருத்துவர்கள், நீதிபதிகள் ஆகியோரை மட்டும் எழுதினால் போதும் என்கிறார்கள் வேறு சிலர். யாரைச் சேர்ப்பது? அவர் இங்கே படித்தார் என்பதை எப்படி உறுதிசெய்வது?

பதில்: தங்களுடைய இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஐயா. படித்தாரா இல்லையா என்பது தெளிந்த பிறகுதான் எழுதலாமா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடம் உண்டு.

ஒரு பள்ளியில் ஒருவர் படித்தார் என்பதற்கு அடிப்படைச் சான்று அந்தப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. அது நிரந்தரமாகப் பாதுகாக்க வேண்டிய ஆவணம். சேர்க்கை எண், மாணவர் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, இதற்கு முன் படித்த பள்ளி, சேர்ந்த வகுப்பு, விலகிய நாள், வழங்கப்பட்ட மாற்றுச் சான்றிதழின் எண் ஆகியவை அதில் வரிசையாக இருக்கும். தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, அவர் முன்னிலையிலேயே பாருங்கள். "எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, என் பக்கத்துப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்" என்று சொல்பவரின் நினைவை மதியுங்கள். ஆனால் பதிவேட்டில் அந்தப் பெயரைக் கண்ட பிறகே பலகை எழுதுபவரை அழையுங்கள்.

பதிவேட்டைப் புரட்டும்போது சில இடங்களில் கவனம் வேண்டும். புகழ்பெற்ற பெயர் வேறாகவும் பள்ளியில் பதிவான பெயர் வேறாகவும் இருக்கக்கூடும். சிவாஜி ராவ் என்ற பெயரில் பள்ளிக்குச் சென்றவரைத்தான் நாம் ரஜினிகாந்த் என்று அறிந்திருக்கிறோம். ஆகவே தந்தை பெயரையும் பிறந்த தேதியையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். அடுத்தது, ஆண்டுக் கணக்கு. தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978ஆம் ஆண்டில் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முதன்முதலாக 1980இல் நடந்தது. அதற்கு முந்தைய தலைமுறையினர் பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, பின்னர் கல்லூரியில் பி.யூ.சி. என்னும் புகுமுக வகுப்பைப் படித்தவர்கள். எனவே 1975இல் தங்கள் பள்ளியில் பிளஸ் டூ முடித்தார் என்று ஒருவரைப் பற்றிய குறிப்பு வந்தால், ஆண்டோ வகுப்போ பள்ளியோ ஏதோ ஒன்று பிழை என்று உடனே கண்டுகொள்ளலாம்.

மாவட்டப் பெயரும் குழப்பக்கூடும். திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் ஆகியவை சென்னை மாநகராட்சியில் இணைந்தது 2011ஆம் ஆண்டில்தான். சென்னை வருவாய் மாவட்டத்துக்குள் அவை வந்தது 2018இல். அதற்கு முன் திருவள்ளூர் மாவட்டம். அந்த மாவட்டம் 1997இல் உருவாகும் வரை செங்கல்பட்டு மாவட்டம். ஆகவே பழைய சான்றிதழில் "செங்கல்பட்டு மாவட்டம்" என்று இருப்பதைக் கண்டு, அது வேறு ஊர்ப் பள்ளி என்று தள்ளிவிடாதீர்கள். தொடக்கப் பள்ளியாகத் தோன்றி, நடுநிலை, உயர்நிலை, மேல்நிலை என்று தரம் உயர்ந்த பள்ளிகளில் பழைய பதிவேடுகள் இன்னும் தொடக்கப் பள்ளியின் பீரோவிலேயே இருக்கக்கூடும். ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி என்று பின்னர் பிரிக்கப்பட்டிருந்தால், பிரிவதற்கு முன் படித்த பெண்களின் பெயர்கள் ஆண்கள் பள்ளியின் பதிவேட்டிலும் இருக்கலாம். பெண்கள் பள்ளியின் பலகையில் மூத்த தலைமுறை விடுபட்டுப் போவதற்கு இது ஒரு காரணமாகிறது. தேடாமல் விட்டுவிட வேண்டாம்.

பதிவேட்டில் சாதி, பெற்றோரின் தொழில், அங்க அடையாளம் ஆகியவையும் இருக்கும். அவற்றைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது பெரும் தவறு. தங்களுக்குத் தேவையானவை பெயர், படித்த ஆண்டுகள், வகுப்பு ஆகிய மூன்று மட்டுமே. கிழிந்த பக்கங்களைச் செல்லோ டேப் ஒட்டிச் சரிசெய்ய முயல வேண்டாம். சில ஆண்டுகளில் அந்தப் பசை பழுத்து எழுத்தையே கெடுத்துவிடும்.

இனி, யாரைச் சேர்ப்பது என்பதற்கு வருகிறேன். பகுதியின் பெருமையும் பள்ளியின் பெருமையும் வேறு வேறு. நடிகர் விஜய் சேதுபதி இளமையில் எண்ணூரில் வளர்ந்தவர். ஆனால் அவர் கோடம்பாக்கத்திலுள்ள பள்ளியில் படித்தவர். எண்ணூர்க்காரர்கள் அவரைத் தம்மவர் என்று கொண்டாடுவதில் முழு நியாயம் உண்டு. அதனால் எண்ணூரிலுள்ள ஒரு பள்ளி அவரைத் தன் மாணவர் என்று எழுதிக்கொள்ள முடியாது. தங்கள் நடிகர் விஷயத்திலும் இதே அளவுகோலைப் பயன்படுத்துங்கள். இங்கே படித்தது உறுதியானால், நடிகர் என்பதற்காக அவரை ஒதுக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

பதவிகளை மட்டும் எழுதினால் போதும் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. முதன்முதலில் இந்தப் பள்ளியில் பொதுத்தேர்வு எழுதித் தேறிய பெண் யார், ஸ்டான்லி மருத்துவமனையில் வாழ்நாளெல்லாம் செவிலியராகப் பணியாற்றியவர் இங்கே படித்தவரா, தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்து பலருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் உண்டா, கடலோரக் குப்பத்திலிருந்து முதல் பட்டதாரியாக வந்தவர் எந்த ஆண்டு மாணவர் என்று கேட்டுப் பாருங்கள். இவர்களை விட்டுவிட்டு எழுதப்படும் பலகை, அந்தப் பள்ளி உண்மையில் என்ன செய்தது என்பதைச் சொல்லாது. ஒவ்வொரு பெயருக்கும் கீழே படித்த ஆண்டுகளையும், செய்த பணியை ஒரு வரியிலும் எழுதுங்கள். வாழ்பவராக இருந்தால் அவருடைய ஒப்புதலைக் கேட்டுப் பெறுங்கள். பெயர்களை அகர வரிசைப்படியோ பதவி வரிசைப்படியோ அமைக்காமல், படித்த ஆண்டு வரிசைப்படி அமைத்தால் யார் பெரியவர் என்ற சச்சரவும் எழாது.

பெரம்பூர் வாசகி, ஓய்வுபெற்ற ஆசிரியை: வடசென்னையின் கல்விப் பெருமை என்று பேசத் தொடங்கினாலே ஜார்ஜ் டவுனின் பழைய நிறுவனங்களைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு வடக்கே இருக்கும் பள்ளிகள் யாரையும் உருவாக்கவில்லையா?

பதில்: ஜார்ஜ் டவுனுக்கு அந்தப் பெருமை வந்ததற்கான காரணத்தைப் பார்த்தால் தங்கள் மனக்குறை பாதி தீரும், அம்மா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் துறைமுகம், நீதிமன்றம், வணிக நிறுவனங்கள் யாவும் அங்கேதான் இருந்தன. ஆங்கிலம் கற்றவர்களுக்கு வேலையும் அங்கேதான் இருந்தது. ஜான் ஆண்டர்சன் 1837இல் அர்மீனியன் தெருவில் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அது தாம்பரத்துக்குப் போனது 1937இல். சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அதில் படித்தபோது அது ஜார்ஜ் டவுனில்தான் இருந்தது. வள்ளல் பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற அறக்கொடையிலிருந்து 1842இல் தொடங்கப்பட்ட பச்சையப்பன் பள்ளி பிராட்வேயில் பிறந்தது. அதன் வழிவந்த கல்லூரி 1940இல் சேத்துப்பட்டுக்குச் செல்லும் வரை இங்கேயே இயங்கியது. அறிஞர் அண்ணா அந்தக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர். சிறிது காலம் பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராகவும் இருந்தார்.

இதே பச்சையப்பன் கல்லூரியில் 1906ஆம் ஆண்டில் சேர்ந்த ஒரு மாணவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கும்பகோணத்தில் எஃப்.ஏ. என்னும் அந்நாளைய கல்லூரித் தொடக்க வகுப்பில் தோற்றுச் சென்னைக்கு வந்த சீனிவாச இராமானுஜன், இங்கும் அந்தத் தேர்வில் தேறவில்லை. கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களில் அவருக்கு மனம் செல்லவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அந்த அலுவலகத்திலிருந்துதான் 1913இல் கேம்பிரிட்ஜிலிருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். இன்று அவரை முன்னாள் மாணவர் என்று சொல்லிக்கொள்வதில் எந்த நிறுவனத்துக்கும் தயக்கம் இராது. ஆனால் அந்நாளைய மதிப்பெண் பட்டியலை மட்டும் வைத்துப் பெருமைப் பலகை எழுதியிருந்தால் அவர் பெயர் அதில் ஏறியே இராது. தேறாதவர்களையும் பாதியில் நின்றவர்களையும் முன்னாள் மாணவர் கணக்கிலிருந்து நீக்கிவிடும் சங்கங்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

வடக்கே உள்ள பகுதிகளின் கதை வேறு. திருவொற்றியூர், மணலி, கத்திவாக்கம் ஆகியவை வெகுகாலம் நகரத்துக்கு வெளியே இருந்த ஊர்கள். தியாகராசர் கோயிலும் பட்டினத்தார் சமாதியும் கொண்ட திருவொற்றியூருக்குத் தலத்தின் பழமை இருந்ததே தவிர, உயர்நிலைப் பள்ளி எளிதில் கிட்டவில்லை. நாடு விடுதலை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில் தொழிற்சாலைகள் வந்தன. எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946இல் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கியது திருவொற்றியூரில்தான். அதன் பிறகு என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை, எண்ணூரில் அசோக் லேலண்ட், மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும், எண்ணூர் அனல் மின்நிலையம் என்று ஒவ்வொன்றாக எழுந்தன. அந்தத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகவே இங்குள்ள பல பள்ளிகள் தரம் உயர்ந்தன. காமராசர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான காலத்தில் ஊர்தோறும் பள்ளி திறக்கப்பட்டதும், 1956இல் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் விரிந்ததும் இந்தப் பகுதிப் பிள்ளைகளை வகுப்பறைக்குக் கொண்டுவந்தன.

மதிய உணவு என்றதும் இன்னொரு வடசென்னைக்காரரை நினைவுகூர வேண்டும். வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்த சர் பிட்டி தியாகராயர், நீதிக்கட்சியின் நிறுவனர்களுள் ஒருவர். அவர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920இல் ஆயிரம் விளக்கிலுள்ள மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கும் ஏற்பாடு தொடங்கியது. அவருடைய பெயரில் இன்று பழைய வண்ணாரப்பேட்டையில் கல்லூரி நடக்கிறது.

எனவே, நூறு ஆண்டு பழமை கொண்ட ஒரு நிறுவனத்தின் பட்டியலையும், பிற்பாடு தரம் உயர்ந்த ஓர் அரசுப் பள்ளியின் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது பொருந்தாது. ஆலைத் தொழிலாளியின் மகள் ஆசிரியை ஆனதும், மீனவர் மகன் பொறியாளர் ஆனதும் இப்பள்ளிகளில் நடந்தவை. தாங்கள் பல்லாண்டு இதே பணியில் இருந்தவர். தங்கள் கைப்படவே அத்தகைய பெயர்களை எழுதிவைக்க முடியும். எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எண்ணூர் வாசகர்: என் தங்கையின் குடும்பம் வெளிநாட்டில் ஒரு பெருநகரின் புறநகரில் வாழ்கிறது. மருமகன் அங்குள்ள அரசுப் பள்ளியில் படிக்கிறான். அந்நாடுகளில் வசதி படைத்தவர்களும் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்புவார்களாமே, அப்படிப்பட்ட பள்ளிகளில் படித்துப் புகழ்பெற்றவர்கள் உண்டா?

பதில்: நிறைய உண்டு. நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறேன். கனடாவில் மாண்ட்ரியால் நகரத்தால் சூழப்பட்டிருந்தாலும் தனி நகராட்சியாக விளங்கும் பகுதி வெஸ்ட்மவுண்ட். அங்குள்ள அரசுப் பள்ளியான வெஸ்ட்மவுண்ட் உயர்நிலைப் பள்ளியில்தான் அமெரிக்காவின் துணை அதிபராக இருந்த கமலா ஹாரிஸ் படித்து, 1981இல் தேறினார். சென்னையில் பிறந்த அவருடைய தாயார் சியாமளா கோபாலன் மாண்ட்ரியாலில் ஆராய்ச்சிப் பணி ஏற்றதால், பன்னிரண்டு வயதில் கமலா அங்கே போக நேர்ந்தது. அதே பள்ளியில் பல ஆண்டுகளுக்கு முன் படித்தவர் கவிஞரும் பாடகருமான லெனர்டு கோஹன். வெஸ்ட்மவுண்ட் செல்வந்தர்கள் வாழும் பகுதிதான். ஆயினும் அந்தப் பள்ளிக்குச் சுற்றுவட்டாரத்தின் எளிய குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அந்த கியூபெக் மாநிலத்தில் பள்ளிப் படிப்பு இன்றும் பதினோராம் வகுப்போடு முடிந்துவிடும். பிறகு இரண்டு ஆண்டு இடைநிலைக் கல்லூரியில் படித்தே பல்கலைக்கழகத்துக்குச் செல்வார்கள். நம் பழைய எஸ்.எஸ்.எல்.சி., பி.யூ.சி. முறையைக் கண்டவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கூப்பர்டினோ என்ற புறநகரில் ஹோம்ஸ்டெட் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்டீவ் வாஸ்னியாக் அங்கிருந்து 1968இலும், ஸ்டீவ் ஜாப்ஸ் 1972இலும் தேறினார்கள். அந்தப் பள்ளியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஜான் மெக்கலம் என்ற மின்னணுவியல் ஆசிரியரின் பெயரும் சேர்ந்தே வருகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. வாஸ்னியாக்கின் திறமையைக் கண்டு, பாடத்துக்கு அப்பாலும் அவரை ஊக்குவித்தவர் அவர். நம் பள்ளிகளின் பலகைகளிலும் மாணவர் பெயருக்குப் பக்கத்தில் அவருக்கு வழிகாட்டிய ஆசிரியரின் பெயரை எழுதும் வழக்கம் வர வேண்டும்.

வசதியைப் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் பொதுப் பள்ளிகளுக்கான நிதியில் கணிசமான பங்கு அந்தந்த வட்டாரத்தின் சொத்து வரியிலிருந்து வருகிறது. ஆகவே செல்வந்தர் வாழும் புறநகரின் பள்ளிக்கும் ஏழைகள் வாழும் பகுதியின் பள்ளிக்கும் இடையே பெரிய வேறுபாடு காணப்படுகிறது. அரசுப் பள்ளி என்ற பெயரை மட்டும் வைத்து அங்கே எல்லாம் சமம் என்று கருதிவிட முடியாது.

மணலி வாசகி: எட்டாம் வகுப்பு முடிக்கும் என் மகளை அருகிலுள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்ப்பதா, புகழ்பெற்ற முன்னாள் மாணவர்களின் படங்களை வரிசையாக மாட்டியிருக்கும் தனியார் பள்ளிக்கு அனுப்புவதா?

பதில்: மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள், அம்மா. முப்பது ஆண்டுகளுக்கு முன் படித்தவரின் வெற்றி, இன்று அங்கே கணக்கு நடத்தும் ஆசிரியரைப் பற்றி எதையும் சொல்லாது. அறிவியல் ஆய்வகம் பூட்டியிருக்கிறதா, பயன்படுகிறதா, பாடவாரியாக ஆசிரியர் பணியிடங்கள் நிரம்பியுள்ளனவா, பெண்களுக்கான கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று நேரில் சென்று பாருங்கள். அரசு உயர்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும் என்பதால், அதன் பிறகு எந்த மேல்நிலைப் பள்ளிக்குச் செல்வது, மகள் விரும்பும் பாடப்பிரிவு அங்கே இருக்கிறதா, பேருந்து வசதி எப்படி என்பதையும் இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் உண்டு. 2021இல் அது பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் அதே ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பர் 5 அன்று நம் வடசென்னையிலுள்ள பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. தங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து வந்திருந்தால், இடையில் ஓர் ஆண்டு மாறினாலும் இந்தத் தகுதிகள் கைவிட்டுப் போகக்கூடும். முடிவெடுக்கும் முன் தலைமையாசிரியரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வியாசர்பாடி வாசகர், கல்லூரி மாணவர்: விளையாட்டில் சாதித்தவர்களைப் பள்ளிப் பட்டியலில் சேர்க்கலாமா? விளையாட்டைக் கற்றுத்தந்தது தெருவும் மைதானமும்தானே?

பதில்: சேர்க்கலாம், தம்பி, சேர்க்கவும் வேண்டும். வியாசர்பாடியிலிருந்து சென்ற நந்தகுமார் சேகர் இந்தியக் கால்பந்து அணிக்காக ஆடியிருக்கிறார். புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். இத்தகையவர்களின் திறமையை வளர்த்ததில் பகுதி மன்றங்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. அதை மறைத்துப் பள்ளியே எல்லாம் செய்தது போல எழுதுவது நேர்மையாகாது. போட்டிக்குச் செல்ல விடுப்பு அளித்த தலைமையாசிரியர், தவறிய தேர்வை மறுபடி எழுத வைத்த வகுப்பாசிரியர் போன்றவர்கள் இருந்தார்கள் என்றால், பள்ளியின் பங்கு அதுதான் என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். அதுவே போதிய பெருமை.

காசிமேடு வாசகர்: முன்னாள் மாணவர்களாகிய நாங்கள் பணம் திரட்டிப் பள்ளிக்கு உதவ விரும்புகிறோம். கொடுத்தவர்களின் பெயரைக் கல்வெட்டில் பொறிக்கலாமா?

பதில்: உதவி செய்வதற்கு வழி திறந்தே இருக்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டத்தின் வழியாக முன்னாள் மாணவர்கள் தாம் படித்த அரசுப் பள்ளியைத் தேர்ந்தெடுத்து நிதி அளிக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் முன்னாள் மாணவர்களுக்கு இடம் தரப்பட்டுள்ளது. முதலில் அந்தக் குழுவின் கூட்டத்தில் பேசிப் பள்ளிக்கு எது தேவை என்று கேளுங்கள். சங்கத்தார் அலங்கார வளைவு கட்ட நினைத்திருக்கும்போது பள்ளிக்கு வேண்டியது மழைநீர் ஒழுகாத கூரையாக இருக்கக்கூடும். கொடையாளர் பெயரைத் தனியே ஓர் இடத்தில் பொறிப்பதில் தவறில்லை. ஆனால் பணம் கொடுத்தவரின் பெயரைப் புகழ்பெற்ற முன்னாள் மாணவர் பட்டியலில் ஏற்ற வேண்டாம். இரண்டு பலகைகளும் இரண்டு சுவர்களில் இருக்கட்டும். திரட்டிய தொகைக்கும் செலவுக்குமான கணக்கை ரசீதுகளோடு குழுவின் பதிவேட்டில் ஒட்டிவைத்து, அடுத்த கூட்டத்தில் வாசித்துவிடுங்கள்.